நேர்ந்துவிட்ட முட்டு

யம்மா, அந்தப் பையைக் கொஞ்சம் அந்தப் பக்கமா தள்ளிக்கிடுதியா? ஒண்ணுமில்ல, இந்த வலது காலை நீட்டணும். மடக்கியே வச்சிருந்தா பூட்டிக்கிடும். பொறவு எறங்குதப்ப கண்டக்டருதான் என்னையத் தூக்கி எறக்கணும். எம்பத்தி நாலு கிலோ இருந்தேன், இப்ப எழுபத்தி ஏழு. ஆனாலும் தூக்குதவனுக்கு ஏழு கிலோ கொறஞ்சது தெரியவா போவுது.

பிள்ளைக்கு எத்தன மாசம்? பதினொண்ணா? வேளாங்கண்ணியில மொட்டை போடவா போறிய? நல்லது, மாதா காப்பாத்துவா. நேர்ந்த வருசத்துலேயே கொண்டுட்டு வந்துட்ட பாத்தியா, நீ புத்திசாலி. நான் ஆறு வருசமா இழுத்தடிச்சவ. அதான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

எம்பேரு பிலோமி. தூத்துக்குடி. கன்னியர் மடத்து ஹாஸ்டல்ல சமையலு. இருவத்தி நாலு வருசமா நூத்திப் பத்து பிள்ளையளுக்கு ஆக்கிப் போடுதேன். இப்ப மே மாச லீவு, மூணு சிஸ்டர்மாருக்கு மட்டுந்தான் கஞ்சி. காலையில அஞ்சு மணி பஸ்ஸுக்கு வந்துட்டேன். சிஸ்டர்ட்ட முட்டு டாக்டரப் பாக்கப் போறேன்னு சொல்லியிருக்கேன். டாக்டர்ட்ட முட்டுக்குப் பயிற்சி சொல்லிக் குடுக்க பிள்ளைகிட்ட, இந்த வாரம் வரமாட்டேன், மடத்துல தியானம்னு சொல்லியிருக்கேன். மாதாகிட்டப் போறதுக்கு ரெண்டு பொய். அவ அதையும் பாத்துக்கிட்டுத்தான இருப்பா. எனக்குப் பயமா இருக்கு மக்கா, உள்ளதச் சொல்லுதேன்.

போனை ஏன் கையிலேயே வச்சிருக்கேன்னு பாக்கியா? எம்மவன் கூப்புடுவானான்னுதான். டில்பின். ஒத்தப் பிள்ள. அவங்க அப்பா இல்ல, போய்ச் சேந்தாச்சு. இவன் கொச்சியிலேர்ந்து தங்கல் போட்டுல போறவன். தங்கல்னா, போனா ஒரு மாசம் கடல்லேயே கெடந்து மீன் புடிச்சிட்டு வாரது. இருவத்தஞ்சாம் நாளு, இருவத்தாறாம் நாளு, கரைப்பக்கம் வந்ததும் போன் போட்ருவான். 'எம்மா, வந்துட்டேன், சோறு என்ன'ம்பான். கொச்சியில நிக்கவனுக்கு நான் எங்க சோறு போட? ஆனா அதத்தான் கேப்பான். இன்னைக்கு முப்பத்தி நாலு நாளாச்சு. மூணு நாளா ரேடியோவுல காத்து காத்துன்னு சொல்லுதான். போன் அடிச்சா, தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு ஒரு பொம்பள சொல்லுதா. அவ கொரலக் கேட்டதும் கட் பண்ணிட்டு மறுபடியும் அடிக்கேன்.

எல்லாத்துக்கும் நான்தான் காரணம். இந்த முட்டுதான் காரணம்.

ஆறு வருசத்துக்கு முன்னால நவம்பர்ல ஒரு புயலு. டில்பின் ஏறிப் போன போட்டுலேர்ந்து பத்து நாளா தகவலே இல்ல. கடக்கரையில பொம்பளைய எல்லாரும் வாயிலயும் வயித்துலயும் அடிச்சிக்கிட்டு நிக்கோம். ஒருத்தி கொலுசு தாரேங்கா, ஒருத்தி முடி தாரேங்கா. எங்கிட்டக் கொலுசும் இல்ல, முடியும் இல்ல. மணல்ல முட்டி போட்டு, கைய விரிச்சி, நாலு பேரு கேக்கக் கத்துனேன். 'மாதாவே, எம்புள்ளைய உசுரோட குடு. வேளாங்கண்ணிக்கு வந்து, ஒங்கோயில்லேர்ந்து மாதா குளம் வரைக்கும் மணல்ல இந்த முட்டாலேயே நடந்து வாரேன்'னு. இந்த முட்டாலேயேன்னு சும்மா சொல்லல மக்கா. முட்டுல அடிச்சிக் காட்டிச் சொன்னேன். அதுதான் இப்ப வினையாப் போச்சு.

மறுநாளு போன் வந்துட்டு. போட்டு ஏதோ ஒரு தீவுல ஒதுங்கியிருக்கு, பிள்ள உசுரோட இருக்கான். அன்னைக்கே நான் பஸ் ஏறியிருக்கணுமா இல்லியா? ஏறல. பிள்ளையளுக்குப் பரீட்சை, லீவு கேட்டா சிஸ்டர் மூஞ்சியத் தூக்குவாங்க. சரி மே மாசம் போவோம்னா, நோயி நோயின்னு எல்லாத்தையும் பூட்டிப் போட்டுட்டான், கோயிலையும் சேத்து. அடுத்த வருசம் போவோம்னு இருந்தேன். அந்த நவம்பர்ல, சரியா அதே நவம்பர்ல, ஸ்டோர் ரூமுக்குப் படியேறுதேன், வலது முட்டுக்குள்ள 'கடக்'குன்னு ஒரு சத்தம். அப்படியே படியில உக்காந்துட்டேன். எனக்கு அப்பமே புரிஞ்சு போச்சு. மாதா கேக்கா. 'எங்க, அந்த முட்டு எங்க'ன்னு கேக்கா.

இருவத்தி நாலு வருசமா தரையில உக்காந்து அருவாமணையில காய் நறுக்குனேன், குத்த வச்சிக் குத்த வச்சிப் பாத்திரம் கழுவுனேன், அரிசி மூட்டைய இடுப்புல வச்சிப் படியேறுனேன். அதெல்லாம் உள்ளதுதான். ஆனா அதுக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்ல. அப்படின்னா ஏன் சரியா நவம்பர்ல வரணும்? நீயே சொல்லு.

பிள்ள எட்டி ஒதைக்கானா? ஒதைக்கட்டும் விடு. இது இடது, இது நல்ல முட்டு.

மூணு வருசம் மறைச்சி மறைச்சி வச்சேன். தைலம், வலி மாத்திரை, எருக்க எலைய வதக்கி ஒத்தடம். டாக்டர்ட்ட ஏன் போவலன்னா, பயம். கத்தி பயமில்ல மக்கா. பிரசவத்துக்கே வயித்தைக் கிழிச்சவ நான். எங்க தெருவுல ஒருத்தி முட்டு ஆப்பரேசன் பண்ணிட்டு வந்தா. உள்ள இருந்ததச் செதுக்கி எடுத்துட்டு இரும்பு வச்சிருக்காங்கன்னு சேலையத் தூக்கித் தையலக் காட்டுனா. நல்லாத்தான் நடக்கா, கொறை சொல்லக் கூடாது. ஆனா எனக்கு மனசு விட்டுப் போச்சு. நான் நேர்ந்தது இந்த முட்டை. இதச் செதுக்கிக் குப்பையில போட்டுட்டு, கடையில வாங்குன இரும்பு முட்டால நடந்து போயி மாதா முன்னால நின்னா, 'இது யாரு முட்டு?'ன்னு கேக்க மாட்டாளா? அந்த இரும்பு முட்ட வச்சி முட்டி போடவும் கூடாதாம், அந்தத் தெருக்காரிதான் சொன்னா. அப்போ நேர்ச்சை என்னாவுறது? எம்புள்ள என்னாவுறது?

போன ஜூன்ல நடக்கவே முடியாமப் போச்சு. எமர்ஜென்சியா சிஸ்டர்தான் ஆட்டோவுல ஏத்திக் கூட்டிட்டுப் போனாங்க. டாக்டரு படத்த வெளிச்சத்துல பிடிச்சிப் பாத்துட்டு, முட்டுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கது தேஞ்சிருக்குன்னாரு. நான் கண்ண மூடிக்கிட்டேன். 'ஆப்பரேசனா டாக்டர்'னேன். 'இப்பம் வேண்டாம். அத விட்டு எத்தனையோ வழி இருக்கு, எடையக் கொறைங்க, பயிற்சி பண்ணுங்க, அப்புறம் பாப்போம்'னாரு. அவரு கால்ல விழுந்து கும்புடணும் போல இருந்துச்சு. குனிய முடியல, அதான் விழல.

டாக்டர்ட்ட பயிற்சி சொல்லிக் குடுக்கதுக்கு ஒரு பிள்ள இருக்கு, பெனாசிர்னு. இருவத்தாறு வயசுதான். சிரிச்ச மொகம், ஆனா கண்டிப்புன்னா கண்டிப்பு, எங்க சிஸ்டர்மாரு தோத்தாங்க. மொத நாளு ஒரு பைல எடுத்து வச்சிக்கிட்டு, 'பிலோமிம்மா, வலி கொறைஞ்சா என்ன செய்யணும்னு ஆசை? அத எழுதணும், அதுக்குத் தக்கனதான் பயிற்சி'ன்னுச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நெஜத்தச் சொன்னா வெரட்டி விட்டுரும். 'மாடியேறணும் மக்கா, ஸ்டோர் ரூமு மாடியில இருக்கு'ன்னேன். அது நம்பி எழுதிக்கிட்டு. மாடிப்படி ஏறுதல்னு. இன்னைக்கும் அந்தப் பைலுல அதான் இருக்கு.

அந்தப் பிள்ள சொன்ன ஒண்ணையும் நான் தட்டல. துண்டச் சுருட்டி முட்டுக்கு அடியில வச்சி, முட்டால அத அமுக்கணும். மல்லாக்கப் படுத்துக்கிட்டு காலை நேராத் தூக்கி அந்தரத்துல நிப்பாட்டணும். நாக்காலியில கைய ஊணாம எந்திரிக்கணும், உக்காரணும், எந்திரிக்கணும், உக்காரணும். 'பத்து எண்ணுத வரைக்கும் காலைத் தூக்கி வைங்க'ம்பா. நான் பத்தா எண்ணுனேன்? ஒரு 'அருள் நிறைந்த மரியே' முழுசாச் சொல்லி முடிச்சித்தான் காலைக் கீழ போடுவேன். செவமாலையக் கையில வச்சிக்கிட்டு. அதுல உள்ள அம்பத்தி மூணு மணிக்கும் அம்பத்தி மூணு தடவ. அந்தப் பிள்ள மெரண்டு போச்சு. 'இவ்வளவு ஒடனே வேண்டாம், சதை பிடிச்சிக்கிடும், கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டுவோம்'னுச்சு. அப்படி ஒரு நோயாளிய அது பாத்ததே இல்லியாம்.

'தேய்மானம்னா கதை முடிஞ்சிட்டுன்னு நெனைக்காதீங்க. தொடைச் சதை பலமா இருந்தா அது பாரத்தத் தாங்கிக்கிடும், முட்டுக்கு மிச்சம்'னு சொல்லும். தரையில உக்காரக் கூடாதுன்னுச்சு. சிஸ்டர் ஒசரமா ஒரு மேசையும் முக்காலியும் வாங்கிப் போட்டாங்க. இருவத்தி நாலு வருசத்துல மொத மொதலா ஒசரத்துல உக்காந்துகிட்டு காய் நறுக்குதேன், மகாராணி மாதிரி. கக்கூசையும் நாக்காலி மாதிரி உக்காருததா மாத்தியாச்சு. மத்தியானம் ரெண்டு தட்டு சோறு ஒரு தட்டாச்சு. சோறாக்குதவ சோத்தப் பாத்துக்கிட்டே சும்மா இருக்கது என்ன பாடுன்னு தெரியுமா? கண்ணுல தண்ணி வந்துரும். வலி மாத்திரைய நாளும் திங்காதீங்க, வயித்தையும் கிட்னியையும் அரிச்சிரும்னாரு டாக்டரு. அதையும் நிப்பாட்டுனேன். சுடுதண்ணிப் பை வச்சி சமாளிச்சேன்.

செப்டம்பர்ல பாரு, ஸ்டோர் ரூமு மாடிக்கு ஏறிட்டேன். கைப்பிடியப் புடிச்சிக்கிட்டுத்தான், ஆனா ஏறிட்டேன். பெனாசிரு கை தட்டுச்சு. அதுக்கு என்ன தெரியும், நான் எதுக்கு ஏறுதேன்னு.

அந்த செப்டம்பர்லதான் டில்பினும் வீட்டுக்கு வந்தான். மாதா திருவிழா முடிஞ்சி மூணாம் நாளு. எனக்கு ஒரு கம்பு வாங்கிட்டு வந்தான், மடக்கிப் பையில வைக்கிற கம்பு. இந்தப் பையிலதான் கெடக்கு, இன்னைக்கு வரைக்கும் நான் ஊணல. பெனாசிரும் கம்பு ஊணுங்க ஊணுங்கன்னு சொல்லித் தோத்துப் போச்சு. கம்பு ஊணுனா என்னால முடியாதுன்னு மாதாகிட்ட நானே ஒத்துக்கிட்ட மாதிரில்லா ஆயிரும்? அத மாட்டேன்.

பாவம், அவனும் அந்தத் தடவ நொண்டிக்கிட்டுத்தான் வந்தான். ரெண்டு முட்டும் தோலு உரிஞ்சி, பொருக்குத் தட்டிப் போயி கெடந்துச்சு. என்னலேன்னா, 'போட்டுல வழுக்கி விழுந்துட்டேன்'ங்கான். மஞ்சப் பத்துப் போட்டு விட்டேன். அவன் கால்சட்டையத் தொவைக்கப் போட்டா, மடிப்பு மடிப்பா மணலு. வாளியில அரைப்படி மணலு எறங்குச்சு. கடல்ல போறவன் சட்டையில மணலு இருக்கத்தான செய்யும். அலசி அலசிக் கை நொந்து போச்சு.

அன்னைக்கு ராத்திரி சோறு திங்கும்போது, 'எம்மா, அந்த வேளாங்கண்ணி நேர்ச்ச இருக்குல்லா, அது முடிஞ்சிட்டுன்னு வச்சுக்கோயேன்'னான். எந்திரிச்சி அவன் வாயைப் பொத்திட்டேன். 'லே, விளையாட்டுக்குக் கூட அப்படிச் சொல்லாத. ஒன் உசுருலே அது'ன்னேன். மறுபடியும் என்னமோ சொல்ல வந்தான். நான் கைய எடுக்கவே இல்ல. பொறவு அவன் சோத்தத் தின்னுட்டுப் படுத்துட்டான். இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குப் பயம் கிடையாது மக்கா.

அவன் போன பொறவு நான் அடுத்த வேலைய ஆரம்பிச்சேன். மாடி ஏறியாச்சு, இனி முட்டி போட்டுப் பழகணும்ல? ஹாஸ்டலுக்குப் பின்னால கட்டட வேலைக்குன்னு மணலு கொட்டிக் கெடந்துச்சு. பிள்ளையெல்லாம் பள்ளிக்கூடம் போன பொறவு, சேலையத் தூக்கிச் செருவிக்கிட்டு எறங்குனேன். மொத நாளு பன்னெண்டு எட்டு வச்சேன். மணலுன்னா மெத்துன்னு இருக்கும்னு நெனைப்போம், இல்ல. ஒவ்வொரு பொடிக்கல்லும் எலும்புக்குள்ள போற மாதிரி இருந்துச்சு. ரெண்டாம் நாளு இருவது. மூணாம் நாளு எட்டே எட்டு வச்சேன், அப்படியே மணல்ல சாஞ்சிட்டேன். சிஸ்டர் வந்து பாத்தப்ப, விழுந்துட்டேன்னு சொன்னேன். அந்தப் பொய் தனி.

சாயங்காலத்துக்குள்ள முட்டு தேங்கா கணக்கா வீங்கிட்டு. டாக்டரு ஊசியக் குத்தி நீரை எடுத்தாரு, மஞ்சளா ஒரு சிரிஞ்சு நெறைய. பொறவு அந்த எடத்துலேயே ஒரு ஊசி போட்டாரு. நான் கத்துன கத்துல வெளிய உக்காந்திருந்தவன்ல ரெண்டு பேரு எந்திரிச்சிப் போயிட்டான்.

பெனாசிருகிட்டப் பொய் சொல்ல முடியல. அழுதுகிட்டே எல்லாத்தையும் கொட்டிட்டேன். அந்தப் பிள்ள மொகம் செவந்து போச்சு. 'மூணு மாசம் நாம கட்டினத மூணே நாள்ல இடிச்சிட்டீங்களே'ன்னு அதுவும் அழுதுட்டு. பொறவு எம்பக்கத்துல வந்து உக்காந்துக்கிட்டு, 'எங்க வாப்பாவுக்கும் முட்டு வலிதான். நாக்காலியில உக்காந்துதான் தொழுவாங்க. நிக்க முடியலன்னா உக்காந்து தொழலாம், உக்கார முடியலன்னா படுத்துக்கிட்டே தொழலாம். படைச்சவனுக்குத் தெரியாதா நம்ம முட்டு?'ன்னுச்சு. நல்ல பிள்ள, நல்ல மனசுல சொன்னது. ஆனா நான் என்ன சொன்னேன்னா, 'மக்கா, ஒங்க சாமி ஆம்பள, மறந்துருவாரு. எங்க மாதா பொம்பள, அவ மறக்க மாட்டா'ன்னேன். அது 'அப்படிப் பேசக் கூடாதும்மா'ன்னு மட்டும் சொல்லிச்சு.

பங்குச் சாமியார்ட்டயும் கேட்டேன். 'நேர்ச்சைய மாத்திக்கலாம் பிலோமி, நான் சொல்லுதேன், அஞ்சு ஏழைக்குச் சோறு போடு, போதும்'னாரு. இருவத்தி நாலு வருசமா நூறு பேருக்குச் சோறு போடுதவகிட்ட சொல்லுத பேச்சா இது? அது என் வேலை. அது எப்படி நேர்ச்சையாவும்? அவரு பாவமன்னிப்பு குடுத்து முடிச்சிட்டுக் காப்பி குடிக்கப் போயிட்டாரு. பயம் எங்கூடத்தான வீட்டுக்கு வருது.

மறுபடியும் துண்டு, மறுபடியும் நாக்காலி. நவம்பர்லேர்ந்து இந்த ஏப்ரல் வரைக்கும். அந்தப் பிள்ள சலிக்கவே இல்ல. இப்ப நல்லாத்தான் இருக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் அரை மணி நேரம் நடக்கேன். 'இப்படியே போனா இன்னும் பத்து வருசத்துக்கு ஆப்பரேசன் பேச்சே வேண்டாம் பிலோமிம்மா, முட்டி மட்டும் போட்ராதீங்க, எனக்குச் சத்தியம் பண்ணுங்க'ன்னுச்சு. கையில அடிச்சிச் சத்தியம் பண்ணிக் குடுத்தேன். அதையும் இன்னைக்கு மீறப் போறேன்.

எந்த ஊரு இது? திருத்துறைப்பூண்டியா? அப்போ இன்னும் ஒரு மணி நேரம் கூட இல்ல. மாதாவே.

மக்கா, நான் ஒண்ணு சொல்லுவேன், திட்டப்படாது. காலையில வலி மாத்திரை ரெண்ட ஒண்ணாப் போட்டுட்டேன். எறங்குனதும் இன்னொண்ணு போடுவேன். முட்டுக்கு ரெண்டு பட்டையும் கொண்டு வந்திருக்கேன், ஆனா அத மாட்டிட்டு நடந்தா செல்லுமான்னு தெரியல, இந்த முட்டாலேயேன்னுதான சொன்னேன். நீ எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும். மொட்டை போட்டு முடிச்சிட்டு அந்த மணல் பாதைப் பக்கமா வா. நான் எங்கயாவது சாஞ்சி கெடந்தா, தூக்காத. தூக்கிட்டா நேர்ச்சை பாதியில நின்னுரும். தண்ணி மட்டும் குடு. பொழுது சாஞ்சாலும் நான் தவந்தாவது போயிருவேன். இந்த முட்டு இன்னையோட போனாலும் போவட்டும். பெனாசிர் மொகத்துல எப்படி முழிப்பேன்னுதான்...

போன் அடிக்குதா? எம்போனா?

யம்மா, இது என்ன நம்பரு? டில்பின் நம்பரு இல்ல இது. இது தெரியாத நம்பரு. தெரியாத நம்பர்லதான் தகவல் சொல்லுவாங்க. எங்க தெரு அந்தோணியடிமை கடல்ல போனப்ப, அவன் வீட்டுக்கும் அப்படித்தான் வந்துச்சு, தெரியாத நம்பர்லேர்ந்து. நான் எடுக்க மாட்டேன். மக்கா, நீ எடு. ஒனக்குப் புண்ணியமாப் போவும், நீ எடுத்துக் கேளு. கெட்டதா இருந்தா எங்கிட்டச் சொல்லாத, மாதா குளம் போயிட்டு வந்த பொறவு சொல்லு. கட் ஆவுறதுக்குள்ள எடு!

என்ன? யாரு?

டில்பினா? அவனேதானா? அவன்தான் பேசுதானா? சோறு என்னன்னு கேக்கானா?

மாதாவே. என் தாயே. இரு இரு. கொச்சிக்கு வந்துட்டானா. அவன் போன் தண்ணியில விழுந்துட்டுதா? இது கூட்டாளி போனா? நாசமாப் போற போனு. குடு இங்க, இல்ல வேண்டாம், நீயே பேசு. நான் வேளாங்கண்ணி போறேன்னு சொல்லிராத. சொல்லிட்டியா? ஏன் சொன்ன? என்ன சத்தம் போடுதான்? முட்டி போடக் கூடாதுங்கானா? அவனுக்கு என்ன தெரியும்? ஆறு வருசத்துக்கு முன்னால அவன் உசுருக்கு நான்... என்னது?

என்ன சொல்லுதான்? திருப்பிச் சொல்லு.

என் நேர்ச்சைய அவன் குடுத்துட்டானா?

போன திருவிழாவுக்கா? கொச்சியிலேர்ந்து நேரா வேளாங்கண்ணிக்குப் போயி... முட்டாலேயா? மாதா குளம் வரைக்குமா? குடு போன. குடு இங்க.

லே டில்பின். ஏலே. நெசமாவா? முழுசுமா? நடுவுல எந்திரிக்கலியே? மாதாகிட்ட எம்பேரச் சொன்னியா? 'எங்கம்மா பிலோமி நேர்ச்சை இது'ன்னு சொன்னியா? அட பாவி. அட எம்புள்ள. ஏம்லே எங்கிட்டச் சொல்லல? ஆமா. ஆமா, நான்தான் வாயைப் பொத்துனேன். ஆமாலே. சரி, அழாத. நான் அழல. நான் எங்க அழுதேன்? வையி, பொறவு பேசுதேன். சோறு தின்னியா? சரி வையி.

அந்த மணலு, மக்கா. அந்த அரைப்படி மணலு. நடுக்கடல்ல ஏது மணலு? என் கையாலேயே அலசி ஊத்துனேனே. எட்டு மாசமா நான் பயந்து பயந்து செத்ததுக்கு, வாளிக்குள்ளேயே கெடந்திருக்கு பதிலு.

இல்ல, இரு. ஒரு சந்தேகம். செப்டம்பர்லேயே குடுத்தாச்சுன்னா, அக்டோபர்ல முட்டு ஏன் வீங்குச்சு? இப்பமும் ஏன் வலிக்கி? மாதாவுக்கு ஒண்ணும் பாக்கி இல்லியே, பொறவு ஏன் வலிக்கணும்?

என்ன சிரிக்க? மணல்ல நான் முட்டி போட்டதாலயா?

அப்போ இது வெறும் தேய்மானந்தானா? பெனாசிரு சொன்ன தேய்மானந்தானா? அருவாமணையும் அரிசி மூட்டையுமா? மாதா எம்மேல கோவமா இல்லவே இல்லியா? இம்புட்டு நாளும் அவ மேல பழியப் போட்டுட்டேனே. நவம்பர்னு சொன்னேன் பாரு. வருசத்துக்கு வருசம் நவம்பர் வரத்தான செய்யும். என் மண்டைக்குள்ள அது ஏறலியே.

பேசிக்கிட்டே வந்ததுல நேரம் போனதே தெரியல, அந்தா வேளாங்கண்ணி வளைவு தெரியுது. வந்துட்டு. நீ பிள்ளையத் தூக்கு. இந்தப் பையில அடியில ஒரு கம்பு கெடக்கும், அத எடுத்துக் குடு மக்கா. நீட்டி விடு, 'கிளிக்'னு சத்தம் வரணும். இல்ல, வலது கையில குடுக்காத. வலது முட்டு வலிச்சா கம்பு இடது கையிலதான் புடிக்கணும், பெனாசிரு சொல்லிருக்கு. எல்லாரும் தப்பாத்தான் புடிக்காங்க.

கோயிலுக்கு நானும் ஒங்கூட வாரேன். நாக்காலியில உக்காந்து ஒரு செவமாலை சொல்லிட்டு வந்துருவோம். ஆனா எம்பக்கத்துலேயே நில்லு மக்கா, அங்க இங்க போயிராத. கொச்சிப் பக்கம் ஜூன்ல மீன்பிடித் தடைக்காலம், அது முடிஞ்சா டில்பின் மறுபடியும் கடலுக்குப் போவான். அத நெனச்சாலே எனக்கு இப்பமே பயந்தான். மாதா மொகத்தப் பாத்ததும் இந்த வாயி சும்மா இருக்காது. என்னத்தையாவது நேர்ந்துரும். நான் வாயைத் தொறக்கதப் பாத்தேன்னா, யோசிக்காத, ஒங்கையால அப்படியே பொத்திரு.